தடுப்பூசி விலை நியாயமானதா? பார்க்கும் முறையும் அரசிடம் கேட்க வேண்டியதும்

தடுப்பூசிக்கு ஒரே விலை என்று எதுவும் கிடையாது. அதே நிறுவனம், அதே மருந்து, ஆனால் வாங்குவது யார் என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 2013-ல் கேவி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு ஏழை நாடுகளுக்காக ஒரு டோஸ் 4.50 டாலருக்குப் பேசி முடித்தது. அப்போது அமெரிக்காவில் அதன் விலை 100 டாலருக்கு மேல். அதனால் விலையைக் கேட்டதும் நாம் விசாரிக்க வேண்டியது, இந்த விலையைப் பேசியது யார், எந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள் என்பதைத்தான்.

முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். யுனிசெஃப் 2011-லிருந்து தான் வாங்கும் தடுப்பூசிகளின் விலையை நிறுவனம் வாரியாக வெளியிடுகிறது, உலக சுகாதார நிறுவனமும் நாடுகள் தரும் விலைத் தகவலைத் திரட்டித் தருகிறது. இரண்டும் இணையத்தில் யாரும் பார்க்கக் கூடியவை. ஒப்பிடும்போது ஆண்டு, வாங்கிய அளவு, குப்பியின் அளவு, அந்த நாட்டின் வருமான நிலை இந்த நாலும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

அப்புறம், ஒரு டோஸ் விலையோடு நிறுத்தாமல் ஒரு குழந்தைக்கு முழுப் பாதுகாப்புக் கிடைக்க எவ்வளவு ஆகிறது என்று கணக்கிடுங்கள். பத்து டோஸ் உள்ள தட்டம்மைக் குப்பியைத் திறந்து மருந்தைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். நாலு குழந்தைகள் மட்டும் வரும் சிறிய மையத்தில் டோஸ் விலை கூடுதலான சிறிய குப்பியே லாபமாக இருக்கலாம். அறிவியல் முடிவும் செலவைக் குறைக்கும். எச்பிவிக்கு ஒரு டோஸே போதும் என்ற அட்டவணையை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது, இரண்டு டோஸ் போட்டுவந்த நாட்டுக்கு மருந்துச் செலவு அதிலேயே பாதியாகிறது. உங்கள் அரசு இதையெல்லாம் கணக்கில் எடுத்ததா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து, எத்தனை பேர் தயாரிக்கிறார்கள்? விலையை இறக்குவதில் இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை. ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பென்டாவேலன்ட் ஊசியை 2000-களின் தொடக்கத்தில் ஒரே ஒரு நிறுவனம்தான் தயாரித்துக் கொடுத்தது, ஒரு டோஸ் விலை 3.50 டாலருக்கு மேல். புதிய தயாரிப்பாளர்கள் வந்த பிறகு, 2016-ல் யுனிசெஃப் போட்ட ஒப்பந்தத்தில் சராசரி விலை 84 சென்ட். ஆனால் ஒன்று, விலையை அடிமட்டத்துக்கு நெருக்கி ஒரே ஒரு நிறுவனத்திடம் மொத்த ஆர்டரையும் கொடுத்தால் மற்றவர்கள் தொழிலை விட்டே போய்விடுவார்கள், பிறகு அந்த ஒருவர் சொல்வதுதான் விலை. மலிவு மட்டும் போதாது, அடுத்த ஆண்டும் மருந்து கிடைக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்குப் பணம் யாருடையது என்பதையும் விடாதீர்கள். மாடர்னாவின் கோவிட் தடுப்பூசி அமெரிக்க அரசு ஆய்வகத்தோடு சேர்ந்து, மக்கள் வரிப்பணத்தில் உருவானது. ஆனாலும் 2023-ல் அரசு மொத்தமாக வாங்குவதை நிறுத்தியதும் பட்டியல் விலை 100 டாலரைத் தாண்டியது. பணம் கொடுக்கும்போதே விலைக்கு நிபந்தனை போடாவிட்டால் பிறகு கெஞ்சத்தான் முடியும். மறுபக்கம், மூளை உறையைத் தாக்கும் காய்ச்சலைத் தடுக்கும் மெனாஃப்ரிவாக் தடுப்பூசியைப் பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகள் டோஸுக்கு 50 சென்டுக்குமேல் தாங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டன, அந்த விலைக்குச் சம்மதித்த தயாரிப்பாளருக்குத் தொழில்நுட்பம் கைமாற்றப்பட்டது, 2010 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் அதைப் போடும் பெரிய இயக்கம் தொடங்கியது. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு மருந்தை உருவாக்கினார்கள். இப்படியும் செய்யலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, அரசிடம் என்ன கேட்பது? "விலையைக் குறையுங்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒரு நன்றிக் கடிதம் வரும், அவ்வளவுதான். குறிப்பாகக் கேளுங்கள். சிறிய நாடு என்றால் தனியாகப் பேரம் பேசுகிறதா, கூட்டுக் கொள்முதலில் சேர்ந்திருக்கிறதா? லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் 1970-களின் கடைசியிலிருந்து ஒரு சுழல்நிதி மூலம் சேர்ந்து வாங்குகின்றன, பெரிய நாட்டுக்கும் குட்டித் தீவுக்கும் ஒரே விலை. பல ஆண்டு ஆர்டரா, வருடா வருடம் அவசர டெண்டரா? நிறுவனங்களுக்குப் பணம் நேரத்துக்குப் போகிறதா? இலவச நன்கொடை வந்தால், அது தீர்ந்த பிறகு என்ன விலை என்று எழுதி வாங்கினார்களா?

எல்லாவற்றையும்விட, ஒப்பந்தத்தை வெளியிடச் சொல்லுங்கள். கோவிட் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அஸ்ட்ராஜெனகா டோஸுக்கு 1.78 யூரோ கொடுத்தது என்பது 2020 டிசம்பரில் ஒரு பெல்ஜிய அரசியல்வாதி ட்விட்டரில் போட்டதால்தான் வெளியே தெரிந்தது; தென்னாப்பிரிக்காவுக்குச் சொன்ன விலை 5.25 டாலர், இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நாட்டில் ஒரு மக்கள் அமைப்பு வழக்குப் போட்டு, 2023 ஆகஸ்டில் தடுப்பூசி ஒப்பந்தங்களை வெளியிட நீதிமன்ற உத்தரவு வாங்கியது. மக்கள் பணத்தில் வாங்கிய மருந்தின் விலையை மக்களிடமே மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை, அந்த ரகசியம் விற்பவருக்கு மட்டுமே உதவுகிறது.

கேட்கும் நேரமும் முக்கியம். பட்ஜெட் தயாராகும் மாதங்களில், டெண்டர் முடிவதற்கு முன்பு, உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் சுகாதாரத் துறைக்கும் எழுத்தில் அனுப்புங்கள், தகவல் கேட்கும் சட்டம் இருந்தால் அதன்படி மனு போடுங்கள். ரகசியக் காப்பு விதி இருக்கிறது என்று மறுத்தால், அந்த ஆண்டு இந்தத் தடுப்பூசிக்கான மொத்தச் செலவையும் வாங்கிய மொத்த டோஸ்களையும் மட்டும் கேளுங்கள். இவை பெரும்பாலும் பட்ஜெட்டிலோ தணிக்கை அறிக்கையிலோ கிடைக்கும், வகுத்தால் சராசரி விலை வந்துவிடும், அதை யுனிசெஃப் விலைக்குப் பக்கத்தில் வைத்து அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.