கிராஃபீன் பிளாஸ்மானின் அலைநீளத்தை அருகுபுலப் படத்திலிருந்து அளப்பது எப்படி

ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் எலக்ட்ரான்கள் தனித்தனியே அசையாமல் ஒருசேர அலைவுறும் நிலையே பிளாஸ்மான். 10.6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியால் தூண்டப்படும் இந்த அலையின் நீளம் சுமார் 200 நானோமீட்டராகச் சுருங்கிவிடுவதால், வெறும் ஒளிக்கற்றையால் அதற்குரிய உந்தத்தைத் தர முடியாது; எனவே அணுவிசை நுண்ணோக்கியின் உலோகம் பூசிய ஊசிமுனையில் லேசரைக் குவித்து, முனைக்கடியில் பிளாஸ்மானை எழுப்புகிறோம்; முனையிலிருந்து சிதறும் ஒளியைப் புள்ளிபுள்ளியாகப் பதிந்தால் கிடைப்பதே அருகுபுலப் படம். 2012இல் அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் பணியாற்றிய இரு குழுக்கள் இவ்வழியிலேயே அவற்றை முதன்முதலாகப் படம்பிடித்தன.

சிதறி வரும் ஒளியை, மேலும் கீழும் அதிரும் ஊசியின் அதிர்வெண்ணைப்போல் மூன்று மடங்கில் பிரித்தெடுங்கள். முனையைச் சாராத பின்னணி ஒளி பெருமளவு விலகிவிடும். பிறகு தாளின் விளிம்புக்குச் செங்குத்தாகப் பல இணைக்கோடுகளில் செறிவை எடுத்துச் சராசரி காணுங்கள்.

அடுத்த படியில்தான் பலரும் தவறுகிறார்கள். முனையில் எழுந்த அலை விளிம்பில் மோதி முனைக்கே திரும்புவதால் பாதை இருமடங்காகிறது. ஆகவே படத்தில் விளிம்புக்கு இணையாகத் தெரியும் ஒளிப்பட்டைகளில் அடுத்தடுத்தவற்றின் இடைவெளி அலைநீளத்தில் பாதியே. அலையை விளிம்பே எழுப்பியிருந்தால் இடைவெளி ஏறத்தாழ முழு அலைநீளமாக இருக்கும். இரண்டும் ஒரே படத்தில் கலந்திருக்கவும் கூடும் என்பதால் இதை முன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள். விளிம்பை ஒட்டிய முதல் பட்டையை அளவில் சேர்க்க வேண்டாம். அது விளிம்பின் தாக்கத்தால் திரிந்திருக்கும்.

கிடைத்த மதிப்பை எளிய கணக்கோடு ஒப்பிடலாம். பெர்மி ஆற்றலை (கிராஃபீனில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்மட்டம்) 18.1ஆல் பெருக்கி, மேலும் கீழும் உள்ள ஊடகங்களின் மின்காப்பு மாறிலிகளின் சராசரியாலும் ஒளித்துகள் ஆற்றலின் வர்க்கத்தாலும் வகுத்தால் (ஆற்றல்கள் எலக்ட்ரான் வோல்ட்டில்), அலைநீளம் நானோமீட்டரில் வரும். பெர்மி ஆற்றல் 0.4, சராசரி 2.5, ஒளித்துகள் ஆற்றல் 0.117 எனில் விடை சுமார் 212 நானோமீட்டர்; பட்டை இடைவெளி 106. தாங்குதளம் சிலிக்கான் டை ஆக்சைடாக இருந்து லேசரின் அலைநீளம் 9 மைக்ரோமீட்டரை நெருங்கினால், அத்தளத்தின் அணிக்கோவை அதிர்வுகள் (அணுக்களின் கூட்டு அதிர்வுகள்) பிளாஸ்மானோடு கலந்துவிடும். அங்கே இக்கணக்கை நம்ப வேண்டாம்.

இறுதியாக, வாயில் மின்னழுத்தத்தை (கிராஃபீனின் மின்னேற்றத்தைக் கூட்டிக் குறைக்கத் தரும் மின்னழுத்தம்) மாற்றி மீண்டும் படமெடுங்கள். பெர்மி ஆற்றல் மின்னேற்ற அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்பதால், அடர்த்தி நான்கு மடங்கானால் பட்டை இடைவெளி இருமடங்காக வேண்டும். நடுநிலைப் புள்ளியை (மின்னேற்றம் ஏறக்குறைய இல்லாத நிலை) நெருங்கும்போது பட்டைகள் மங்கி மறைய வேண்டும். மின்னழுத்தம் எவ்வளவு மாறினாலும் அசையாதிருக்கும் வரிகள் மடிப்போ உயர வேறுபாடோ ஆகும், பிளாஸ்மான் அல்ல.