சீசா (seesaw) என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

ஒரு விளையாட்டுச் செய்தியை மொழிபெயர்த்தபோது ‘சீசா பேட்டில்’ (seesaw battle) என்ற இடத்தில் வெகுநேரம் மாட்டிக்கொண்டேன். அதைத் தீர்த்த வழியை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

படி 1: பூங்காவில் சிறுவர்கள் ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தாங்கி, இரண்டு முனையிலும் ஆள். ஒருவர் மேலே போனால் மற்றவர் கீழே வந்தே ஆக வேண்டும். சொல்லின் எல்லாப் பொருளும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

படி 2: ‘பார்’, ‘பார்த்தேன்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களோடு (see, saw) இதைச் சேர்க்காதீர்கள். இதிலுள்ள ‘சா’ என்பது ரம்பம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து மரம் அறுப்பவர்கள், இழுப்புக்கு ஏற்றபடி சொன்ன தாளச்சொல் இது என்று கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. அதனால் வினையாக வரும்போது இறந்தகாலம் ‘சீசாட்’ (seesawed), நிகழ்ந்துகொண்டிருந்தால் ‘சீசாயிங்’ (seesawing).

படி 3: நான் தடுக்கிய இடம் இதுதான். அகராதியில் ‘ஊசலாடு’ என்று பார்த்ததும் ‘ஆட்டம் ஊசலாடியது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஏதோ உறுத்தியது. ஊசல் தொங்குவது, ஒற்றையாக ஆடுவது. இரண்டு எண்ணங்களுக்கு நடுவே தவிக்கும் மனத்துக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் ஆட்டத்தில் இரண்டு அணிகள் இருக்கின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. ‘இரு அணிகளும் மாறி மாறி முன்னிலை பெற்றன’ என்று மாற்றினேன், வாக்கியம் உடனே நிமிர்ந்துவிட்டது.

ஆகவே முதலில் எத்தனை தரப்பு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு தரப்பு என்றால் ‘மாறி மாறி’. விலை, வெப்பநிலை போல ஒன்றே ஒன்று என்றால் ‘ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது’. ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகும் விலைக்கு சீசா வரவே வராது. திசை திரும்பத் திரும்ப மாற வேண்டும்.

படி 4: எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். இதற்கு ஆங்கிலம்–தமிழ் அகராதியைவிட, மாணவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதிதான் நல்லது என்பேன். பொருளை மட்டும் தெரிந்துகொண்டு எழுத உட்கார்ந்தால் என்னைப் போலத்தான் தடுக்கும்.

பின்சேர்க்கை: ‘சீசா என்றால் பாட்டில்தானே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உருது வழியாக வந்த அந்தச் சீசா வேறு, இது வேறு. குழப்பம் வரும் இடத்தில் ‘சீசா பலகை’ என்று எழுதிவிடுங்கள்.

இன்னொருவர் ‘டீட்டர்-டாட்டர்’ பற்றிக் கேட்டார். அமெரிக்காவில் இதே பலகைக்கு அந்தப் பெயரும் உண்டு. ஆனால் விலையும் ஆட்டமும் மாறி மாறி ஏறி இறங்குவதைச் சொல்ல அங்கேயும் சீசாதான் வழக்கம்.