எல்க் இறைச்சி கெடாமல் வீடு வந்த வழி

கொலராடோ மலையில் வேட்டையாடிய எல்க் மான் இறைச்சியைக் காரில் டெக்சாஸ் கொண்டுவர 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். பெரிய தொல்லை, ஐஸ் உருகும் தண்ணீர்தான். அதில் ஊறினால் இறைச்சி வெளுத்து, ருசியும் போய்விடும்.

முதலில் எலும்பை எடுத்துவிட்டேன். (மான்களைக் கொல்லும் சி.டபிள்யூ.டி நோய் பரவாமலிருக்க, மூளையும் முதுகுத்தண்டும் கொண்டுவரத் தடை உண்டு.) துணிப்பையில் போட்டு, இரவுக் குளிரில் தொங்கவிட்டு நன்றாக ஆறவைத்தேன். சூடு தணியாமல் அடைத்தால் எவ்வளவு ஐஸ் போட்டாலும் நடுவில் கெட்டுவிடும். அப்புறம், உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை ஐஸ்பெட்டியின் அடியில் அடுக்கி, மேலே இறைச்சி. தண்ணீர் வடியும் துளையைத் திறந்து, பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தேன். ஒரு துண்டுகூட வீணாகவில்லை.

உலர்பனியும் (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) போடலாம், மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். ஆனால் அது விடும் கரியமில வாயு ஆபத்தானது, கார் ஜன்னலைக் கட்டாயம் திறந்து வையுங்கள்.