பேட்டரி போச்சுங்க என்று சொல்லும் முன்

செல்ஃப் பட்டனை அமுக்கினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வரும், ஹாரன் முனகும். உடனே நம் ஊரில் வரும் தீர்ப்பு, "பேட்டரி போச்சுங்க". காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் நிற்கும் பழைய பைக்குக்கு நானும் அப்படித்தான் புதுசு வாங்கி மாட்டினேன். மறுபடியும் டக் டக். மைனஸ் வயர் இன்ஜினில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே செம்மண்ணும் துருவும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் ஒரே அமுக்கில் ஸ்டார்ட். பழைய பேட்டரி எக்சேஞ்சில் போய்விட்டது, அது வேறு கதை.

அதனால் முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கம் காட்ட வேண்டும். 12க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை என்றுதான் அர்த்தம், செத்துவிட்டது என்றில்லை. வண்டியை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏறணும். ஏறாவிட்டால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில், நடுவில் வயர்களை இணைக்கும் கப்ளர் என்று பாருங்கள். 15ஐத் தாண்டினால் பெரும்பாலும் ரெகுலேட்டர்தான். அதை விட்டுவிட்டுப் புது பேட்டரி போட்டால் அதுவும் வெந்துபோகும்.

ஃபியூஸ் போனால் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவதைப் போல மோசமான வேலை வேறில்லை. 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும் அதே ரகம்தான். ஃபியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும். புதுசும் போட்டவுடன் போகிறதா? எங்கோ ஷார்ட். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் போனால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் மடங்கி உரசும் வயர்களைத் தடவிப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றுகிற பழைய பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் போர்வெல் சப்பைத் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாகப் படிகிறது, பிளேட்டை விடுமா? சீல் வைத்த பேட்டரியை நெம்பித் திறக்கவே வேண்டாம்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். ஓடும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றி 'டெஸ்ட்' செய்யும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தோடு போகட்டும். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ வண்டியில், எகிறும் வோல்டேஜ் அதன் மூளையான ஈசியூவைக் காவு வாங்கிவிடும்.

அப்புறம், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். தீவனத்துக்கு வரும் எலிக்கு வயரும் ஒன்றுதான்.