பாங்காக் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரிலிருந்து பாங்காக் போகிறவர்கள் பெரும்பாலும் தங்குவது பிரதுனாமிலோ சுகும்வித்திலோ. பார்க்க வேண்டிய பழைய நகரமோ மேற்கே, ஆற்றங்கரையில். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு டாக்ஸி பிடித்து, நெரிசலில் ஊர்ந்து, அங்குள்ள அரச மாளிகையான பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்) வாசலில் இறங்கும்போது மணி பதினொன்றாகிவிடும். உள்ளே நிழல் குறைந்த பெரிய முற்றங்கள், உச்சி வெயில். குழந்தைகளும் வயதானவர்களும் அரை மணி நேரத்தில் சோர்ந்துபோவார்கள். முதல் தவறு இதுதான், மற்ற பலதும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1782இல் முதலாம் ராமா என்ற அரசர் தலைநகரைச் சாவோ பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அந்தப் பழைய நகரத்துக்குப் போக இன்றைக்கும் நல்ல வழி ஆறுதான். பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு ஊர்க்காரர்கள் அன்றாடம் போய்வருவது. சுற்றுலாப் படகைவிட மலிவு. தா சாங் துறையிலிருந்து அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள். அந்த நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். மாலை மூன்றரையோடு டிக்கெட் கொடுப்பது முடிந்துவிடும்.

அப்புறம், வாசலுக்கு வெளியே நடக்கும் பழைய ஏமாற்று. நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்தபடி வந்து, “இன்று அரண்மனை மூடல், ஏதோ பூஜை, மதியம்தான் திறப்பார்கள்” என்பார். கையோடு ஒரு டுக்-டுக்கையும், அதாவது அந்த ஊர் ஆட்டோவையும், காட்டுவார். கட்டணம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். வண்டி ஒரு புத்தர் கோயிலைக் காட்டிவிட்டு நகைக்கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். ஆட்களைக் கொண்டுவந்து விடுவதற்கு ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு. மாணிக்கம், நீலம் என்று அங்கே வாங்கிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லாமல் நடந்து, டிக்கெட் கவுண்டரில் இருப்பவரிடம் மட்டும் கேளுங்கள்.

உடை விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, லெக்கிங்ஸ் கூடாது. புடவை, சுடிதார், முழுக்கால் சட்டை என்றால் கவலையில்லை.

வெளிநாட்டவருக்கு டிக்கெட் 500 பாட். அவ்வளவு கொடுத்து உள்ளே போய், அரண்மனை வளாகத்துக் கோயிலில் மரகத புத்தரைக் கும்பிட்டு, தங்க ஸ்தூபி முன் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். அந்தக் கோயிலைச் சுற்றி ஓடும் திண்ணை மண்டபத்தின் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாக இருக்கிறது, 178 பகுதிகளாக. ராமகியன் என்ற தாய்லாந்து ராமாயணம் அது. கதை தெரிந்த நமக்கு வழிகாட்டியே வேண்டாம். பச்சை முகத்தோடு இருப்பவன் ராவணன், வெள்ளைக் குரங்கு அனுமன். ஒரு காட்சியில், உறங்கும் ராமனைக் காப்பதற்காக அனுமன் மலையளவு வளர்ந்து, பாசறையையே வாய்க்குள் வைத்துக்கொண்டிருப்பான். இந்த அனுமன் பிரம்மச்சாரியும் அல்ல. ராவணன் மகளான கடற்கன்னியைக் காதலிக்கிறான். ஒரு மணி நேரமாவது இந்தச் சுவர்களுக்கு ஒதுக்குங்கள், குழந்தைகளுக்குக் கதை சொல்லியபடி நடங்கள்.

அரண்மனையோடு அன்றைய தினத்தை முடித்துவிடாதீர்கள். தெற்கே வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீள சயன புத்தர். அங்கிருந்து தா தியன் துறைக்கு வந்து அக்கரை போனால் வாட் அருண் கோயில். பலர் இக்கரையிலிருந்தே படமெடுத்துத் திரும்புகிறார்கள். அதன் கோபுரம் முழுக்கப் பதித்திருக்கும் பீங்கான் பூக்கள் கிட்டப் போனால்தான் தெரியும்.

ராட்சத ஊஞ்சல் என்ற உயரமான சிவப்புத் தேக்குத் தூண்களைப் பார்ப்பவர்களும் பக்கத்திலுள்ள தேவஸ்தானுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அரசவைப் பிராமணர்களின் கோயில் அது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் விழாவில் திருவெம்பாவையும் திருப்பாவையும், உருமாறிய உச்சரிப்பில், இன்றும் ஓதப்படுகின்றன. சீலோமில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் “காய்கறி மட்டும்” என்று சொன்னால் போதும் என நினைப்பார்கள். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு இருக்கும். “ஜே” என்று கேளுங்கள், அல்லது மஞ்சள் பலகையில் சிவப்பில் அந்தச் சொல் எழுதிய கடையைத் தேடுங்கள். மீன் சாறும் முட்டையும் அதில் இருக்காது. பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.