இத்தாலிய ஒழுங்கு வினையை எல்லா வடிவங்களிலும் அமைப்பது எப்படி? ‘பர்லாரெ’ வழியாக ஒரு செய்முறை விளக்கம்

இத்தாலிய மொழியில் ஒரு வினைச்சொல்லுக்குக் கூட்டுக் காலங்களையும் சேர்த்தால் 90க்கும் மேற்பட்ட வடிவங்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் வழியைத் தமிழர்கள் பின்பற்றத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ‘பேசுகிறேன்’ என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிக்கப் பள்ளியிலேயே பழகிய நமக்கு, இத்தாலிய வினையையும் அதே கண்ணோடு பகுபதமாகப் பார்ப்பது எளிது. அப்படிப் பார்த்தால் கற்க வேண்டியவை ஒரு பகுதியும், ஓரிரு இடைநிலைகளும், சில விகுதி வரிசைகளும்தான்.

படி 1: எழுத்துமுறையை முடிவு செய்தல்

இத்தாலிய மொழியில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். ஆகவே இக்கட்டுரையில் அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும், ஏனைய உயிர்களைக் குறிலாகவும் எழுதுகிறேன். சொல்லின் இறுதியில் எகர ஒகரக் குறில் வருவது தமிழுக்குப் பழக்கமில்லாததுதான். ஆயினும் ஒரு சொல்லுக்கு ஒரே நெடில் என்ற இந்த ஒழுங்கு, எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதை உடனே காட்டிவிடும். உயிர்களுக்கு இடையே ‘த்த’ என்று வருமிடங்களில் தகரத்தை இரட்டிக்காமல், வல்லோசையாக ஒரு முறை மட்டும் ஒலிக்க வேண்டும். மகரம், னகரம், ஸகரம் இரட்டித்து வந்தால் உண்மையாகவே இரட்டித்து ஒலிக்க வேண்டும்.

படி 2: பகுதியைப் பிரித்தல்

அகராதியில் வினை ‘பர்லாரெ’ (பேசுதல்) என்ற வடிவில் இருக்கும். இத்தாலிய வினைகள் ‘ஆரெ’, ‘எரெ’, ‘ஈரெ’ என்று மூன்று வகையாக முடிகின்றன. இவற்றுள் ‘ஆரெ’ வகையே மிகப் பெரியது. பிற மொழிகளிலிருந்து புதிதாக வந்து சேரும் வினைகளும் பெரும்பாலும் இவ்வகையில்தான் சேர்கின்றன, கணினியில் சொடுக்குவதைக் குறிக்கும் ‘க்ளிக்காரெ’ போல. இவ்வகையில் ஒழுங்கு தவறும் வினைகள் மிகச் சிலவே. ‘ஆரெ’யை நீக்கினால் எஞ்சும் ‘பர்ல்’ என்பதே நமது பகுதி.

படி 3: நிகழ்காலம்

பகுதியோடு விகுதியை நேரடியாகச் சேர்க்க வேண்டும், இடைநிலை இல்லை.

பார்லொ: பேசுகிறேன்
பார்லி: பேசுகிறாய்
பார்ல: பேசுகிறான், பேசுகிறாள்
பர்லியாமொ: பேசுகிறோம்
பர்லாத்தெ: பேசுகிறீர்கள்
பார்லனொ: பேசுகிறார்கள்

விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால், தமிழைப் போலவே எழுவாயைச் சொல்லாமல் விடலாம். வற்புறுத்தும்போதும் வேறுபடுத்தும்போதும் மட்டும் ‘ஈயொ’ (நான்), ‘தூ’ (நீ) முதலியவற்றைச் சேர்த்தால் போதும். மரியாதையில் மட்டும் தமிழிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு. நாம் ஒருவரை மதித்துப் பேசும்போது பன்மையை நாடுகிறோம். இத்தாலியரோ படர்க்கை ஒருமையை நாடுகின்றனர். அறிமுகமில்லாத ஒருவரிடம் ‘லேய் பார்ல இத்தலியானொ?’ என்று கேட்டால், ‘நீங்கள் இத்தாலிய மொழி பேசுவீர்களா?’ என்று பொருள்.

‘பார்லனொ’ என்பதில் அழுத்தம் முதல் அசைக்குத் திரும்பிவிடுவதைக் கவனியுங்கள். ‘பர்லானொ’ என்று நடுவில் அழுத்துவது தொடக்கநிலை மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் பிழை. எதிர்காலத்தைத் தவிர, இனி வரும் வரிசைகளிலும் படர்க்கைப் பன்மை வடிவத்தில் அழுத்தம் ஈற்றயல் அசையில் விழாமல் அதற்கும் முந்திய அசையிலேயே விழும்.

படி 4: தொடர்ந்து நிகழ்ந்த இறந்தகாலம்

இதற்கு ‘இம்ப்பெர்ஃபேத்தொ’ என்று பெயர். இச்சொல்லில் மட்டும் தகரம் உண்மையாகவே இரட்டிக்கும். இங்கே ‘அவ்’ என்னும் இடைநிலை வருகிறது: பர்லாவொ, பர்லாவி, பர்லாவ, பர்லவாமொ, பர்லவாத்தெ, பர்லாவனொ. ‘பேசிக்கொண்டிருந்தேன்’, ‘வழக்கமாகப் பேசுவேன்’ ஆகிய இரு பொருள்களையும் இது தரும். இத்தாலிய மொழியின் மிக ஒழுங்கான காலம் இதுவே என்பதால், நிகழ்காலத்தை முடித்த கையோடு இதைப் பழகுவது நல்லது.

படி 5: எதிர்காலமும் நிபந்தனை வடிவமும்

இந்தப் படியில் சற்றுக் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பாடநூல்கள் தனித்தனியே தரும் இரண்டு பட்டியல்கள் இங்கே ஒரே வேரில் இணைகின்றன.

இலத்தீன் மொழியின் பழைய எதிர்கால வடிவங்கள் காலப்போக்கில் வழக்கொழிந்தன. அவற்றுக்குப் பதிலாக, மக்கள் வினையின் பெயர் வடிவத்தோடு ‘உடைத்தாயிரு’ என்னும் துணைவினையைச் சேர்த்துப் பேசத் தொடங்கினர். அந்தத் துணைவினையே இன்றைய இத்தாலிய மொழியில் ‘அவேரெ’. அதன் நிகழ்காலம் இது: ஓ, ஆய், ஆ, அப்பியாமொ, அவேத்தெ, ஆன்னொ. இப்போது எதிர்காலத்தைப் பாருங்கள்: பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரேமொ, பர்லெரேத்தெ, பர்லெரான்னொ. துணைவினை தேய்ந்து விகுதியாக ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அழுத்தம் எப்போதும் விகுதியின் மேல் விழுவதற்கும் இதுவே காரணம்.

‘பர்லரோ’ என்று வராமல் ‘பர்லெரோ’ என்று அகரம் எகரமாவது ஃப்ளோரன்ஸ் நகரப் பேச்சின் இயல்பு; பொது இத்தாலிய மொழி அந்நகரப் பேச்சை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்ததால், இம்மாற்றமும் அதனோடு நிலைபெற்றது.

நிபந்தனை வடிவமான ‘கொந்தித்ஸியொனாலெ’யும் இவ்வாறே பிறந்தது, இங்கே ஒட்டிக்கொண்டது அதே துணைவினையின் இறந்தகாலம். பர்லெரேய், பர்லெரேஸ்தி, பர்லெரேப்பெ, பர்லெரேம்மொ, பர்லெரேஸ்தெ, பர்லெரேப்பெரொ. ‘ப்ப’ என்பதை இங்கே ‘கம்பம்’ என்ற சொல்லின் நடுவில் வரும் பகர ஒலியை இரட்டித்ததுபோல் மெல்லோசையாக ஒலிக்க வேண்டும். ‘பர்லெரேமொ’ என்றால் ‘பேசுவோம்’. ‘பர்லெரேம்மொ’ என்றால் ‘(இன்ன நிலை இருந்தால்) பேசுவோம்’. ஒரே ஒரு மகரம்தான் வேறுபாடு. ‘கனி’யையும் ‘கன்னி’யையும் பிரித்துக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு இது சிரமமில்லை.

படி 6: முடிந்துபோன இறந்தகாலம்

இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதலாவது கூட்டு வடிவம். வினையைப் ‘பர்லாத்தொ’ என்று எச்சமாக்கி, அதன் முன் ‘அவேரெ’யின் நிகழ்காலத்தை வைக்க வேண்டும்: ஓ பர்லாத்தொ (பேசினேன்), ஆய் பர்லாத்தொ (பேசினாய்). துணைவினையின் காலத்தை மாற்றினால் ஏனைய கூட்டுக் காலங்களும் தாமே வந்துவிடும்: அவேவொ பர்லாத்தொ (அதற்கு முன்பே பேசியிருந்தேன்), அவ்ரோ பர்லாத்தொ (பேசியிருப்பேன்), அவ்ரேய் பர்லாத்தொ (பேசியிருந்திருப்பேன்). 90 வடிவங்களில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு ஒரே சூத்திரத்தில் அடங்குகின்றன. ‘வந்து சேர்’ என்று பொருள்படும் ‘அர்ரிவாரெ’ போன்ற சில வினைகள் மட்டும் ‘இரு’ என்னும் பொருளுள்ள துணைவினையை ஏற்கும். அப்போது எச்சம் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். ஓர் ஆண் ‘ஸோனொ அர்ரிவாத்தொ’ என்பார். ஒரு பெண் ‘ஸோனொ அர்ரிவாத்த’ என்பார்.

இரண்டாவது, ‘பஸ்ஸாத்தொ ரெமோத்தொ’ எனப்படும் தனிச்சொல் வடிவம்: பர்லாய், பர்லாஸ்தி, பர்லோ, பர்லாம்மொ, பர்லாஸ்தெ, பர்லாரொனொ. ‘பார்லொ’ என்றால் ‘பேசுகிறேன்’, ‘பர்லோ’ என்றால் ‘பேசினார்’. அழுத்தம் மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது. வட இத்தாலியப் பேச்சில் இவ்வடிவம் அரிது. சிசிலி போன்ற தென்பகுதிகளில் அன்றாடப் பேச்சிலும் கேட்கலாம். வரலாற்று நூல்களிலும் கதைகளிலும் நாடெங்கும் இதுவே வழக்கம். கலிலேயோ 1592 முதல் 1610 வரை பாதுவாவில் பணிபுரிந்ததை ‘கலிலேயொ லவொரோ அ பாதொவ’ என்றே எழுதுவர். தொடக்கநிலையில் இதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். பேசுவதற்கு முதல் வடிவமே உதவும்.

படி 7: கொன்ஜுன்த்தீவொ

நினைப்பு, விருப்பம், ஐயம், அச்சம் ஆகியவற்றைச் சொல்லும் வினைகளைத் தொடர்ந்து வரும் துணைவாக்கியத்தில், செய்தியை உறுதியான உண்மையாக முன்வைக்காமல் ஒருவருடைய மனத்தின் வழியாக முன்வைக்க இந்த வினைநோக்கு பயன்படுகிறது. அதன் நிகழ்காலத்தில் ஒருமை மூன்றிடத்திற்கும் ‘பார்லி’ என்ற ஒரே வடிவம்தான். பன்மையில் பர்லியாமொ, பர்லியாத்தெ, பார்லினொ. விகுதி ஆளைக் காட்டத் தவறும் இந்த இடத்தில், விட்டுவிட்ட எழுவாய் திரும்பி வருகிறது: ‘பேன்ஸொ கெ தூ பார்லி பேனெ’ (நீ நன்றாகப் பேசுகிறாய் என்று நினைக்கிறேன்). இதில் ‘தூ’ இல்லாவிட்டால் பேசுபவர் யார் என்பது தெளிவாகாது.

இறந்தகாலத்திற்கு ‘ஸ்ஸ்’ முக்கிய அடையாளம்: பர்லாஸ்ஸி (தன்மைக்கும் முன்னிலைக்கும்), பர்லாஸ்ஸெ, பர்லாஸ்ஸிமொ, பர்லாஸ்தெ, பர்லாஸ்ஸெரொ. இது நிபந்தனை வடிவத்தோடு இணைந்து வரும்: ‘ஸெ பர்லாஸ்ஸி இத்தலியானொ, லவொரெரேய் அ ரோம’ (இத்தாலிய மொழி பேசத் தெரிந்திருந்தால் ரோமில் வேலை பார்ப்பேன்). ‘ஸெ’ என்னும் ‘ஆல்’ பொருள் வரும் பகுதியில் ‘ஸ்ஸ்’ வடிவமும், விளைவைச் சொல்லும் பகுதியில் ‘ரேய்’ வடிவமும் வர வேண்டும். இரண்டையும் இடம் மாற்றிச் சொல்வது இத்தாலியச் செவிக்கு உடனே உறுத்தும் பிழையாகும்.

படி 8: ஏவலும் எச்சமும்

ஏவலுக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. ‘பேசு’ என்பதற்குப் பார்ல, மரியாதையாகச் சொல்லப் பார்லி, ‘பேசுவோம்’ என்பதற்குப் பர்லியாமொ, பலரிடம் சொல்லப் பர்லாத்தெ. எதிர்மறையில் ‘பேசாதே’ என்பது மட்டும் அகராதி வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்: ‘நொன் பர்லாரெ’. ‘பேசிக்கொண்டு’ என்னும் எச்சம் ‘பர்லாந்தொ’. ‘ஸ்தோ பர்லாந்தொ’ என்றால் ‘இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்’.

படி 9: ஏனைய இரு வகைகளுக்கு மாறுதல்

‘க்ரேதெரெ’ (நம்புதல்), ‘தொர்மீரெ’ (உறங்குதல்) ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் அகரம் இருந்த இடத்தில் முதலாவதற்கு எகரமும் இரண்டாவதற்கு இகரமும் வைத்தால் போதும்: பர்லாவொ, க்ரெதேவொ, தொர்மீவொ, பர்லாஸ்ஸி, க்ரெதேஸ்ஸி, தொர்மீஸ்ஸி, எதிர்காலத்தில் பர்லெரோ, க்ரெதெரோ, தொர்மிரோ. ஆனால் கொன்ஜுன்த்தீவொவின் நிகழ்கால ஒருமையிலும் படர்க்கைப் பன்மையிலும் உயிர்கள் தலைகீழாகும்; ஒருமையில் ‘ஆரெ’ வகை இகரம் ஏற்றுப் ‘பார்லி’ ஆக, மற்ற இரண்டும் அகரம் ஏற்றுக் ‘க்ரேத’, ‘தோர்ம’ ஆகின்றன. ‘ஈரெ’ வகையின் பல வினைகள் நிகழ்கால ஒருமையிலும் படர்க்கைப் பன்மையிலும் பகுதிக்கும் விகுதிக்கும் இடையே ஒரு கூடுதல் அசையைப் பெறும். ‘முடி’ என்று பொருள்படும் ‘ஃபினீரெ’, ‘ஃபினீஸ்கொ’ ஆவது இவ்வாறே. எந்தெந்த வினைகள் அந்த அசையைப் பெறும் என்பதற்கு எளிய விதி இல்லாததால், ‘ஈரெ’யில் முடியும் ஒவ்வொரு புதிய வினையையும் அதன் தன்மை ஒருமை வடிவத்தோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.