முதலில் டெண்டரைத் திருத்துங்கள்

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். 'சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களிடமும் வாங்குங்கள்' என்று மேலிடம் சொல்லிவிட்டது. (அங்கே இது மதக் கணக்கு இல்லை, இனக் கணக்கு: கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசியர், பூர்வகுடிகள். இந்திய வம்சாவளியினரும் இதில் சேர்த்தி.)

படி 1: செலவைப் பிரியுங்கள்

ஒரு வருட இன்வாய்ஸ்களை எக்செலில் போட்டுப் பொருள்வாரியாகப் பிரியுங்கள். எம்ஆர்ஐ இயந்திரத்தைச் சின்ன நிறுவனங்களிடம் தேடிப் பயனில்லை. சலவை, சாப்பாடு, துப்புரவு, அச்சு வேலை என்று போனால் வழி தெரியும். ஒவ்வொரு ஒப்பந்தமும் முடியும் தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். ஆறு மாதத்தில் முடியப்போவதில் முதலில் கைவையுங்கள்.

பொறுமையும் வேண்டும். கிளீவ்லண்ட் நகரில் எவர்கிரீன் சலவைக் கூட்டுறவு 2009ல் தொடங்கியது. வேலை செய்பவர்களே அதன் உரிமையாளர்கள். அங்குள்ள பெரிய மருத்துவமனையான கிளீவ்லண்ட் கிளினிக் தன் சலவைக்கூடத்தை நடத்தும் பொறுப்பை அதனிடம் கொடுத்தது 2018ல்தான்.

படி 2: ஆளைக் கண்டுபிடியுங்கள்

இது சுலபம். தேசிய சிறுபான்மையினர் சப்ளையர் மேம்பாட்டு கவுன்சில் 1972 முதல் இயங்குகிறது. குறைந்தது 51 சதவீத உரிமையும் நிர்வாகமும் சிறுபான்மையினர் கையில் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருகிறது.

படி 3: டெண்டரைத் திருத்துங்கள்

பெரும்பாலோர் சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். சிக்கலே இனிமேல்தான். பன்னிரண்டு கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்க ஒரே டெண்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் பக்கத்தில் '50 லட்சம் டாலர் காப்பீடு, இதே அளவில் ஐந்து வேலை செய்த அனுபவம்' என்று இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் கம்பெனி அந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிடும். இந்த நிபந்தனையை யார் போட்டது என்று விசாரித்தால், பழைய டெண்டரில் இருந்து அப்படியே காப்பி அடித்ததாக இருக்கும். வேலையை மூன்று மூன்று கட்டடங்களாகப் பிரியுங்கள். காப்பீட்டை வேலையின் அளவுக்குக் குறையுங்கள்.

இட ஒதுக்கீடு மாதிரி நேரடியாகப் பங்கு ஒதுக்கிவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். ரிச்மண்ட் நகரம் ஒப்பந்தங்களில் வைத்திருந்த 30 சதவீத ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 1989ல் ரத்து செய்தது. கலிஃபோர்னியாவில் அரசு ஒப்பந்தங்களில் இன முன்னுரிமைக்கு 1996லேயே தடை வந்துவிட்டது. சட்டப் பிரிவைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நிபந்தனையைத் தளர்த்துவது எல்லாருக்கும் பொது என்பதால் அதில் வம்பு குறைவு.

படி 4: சீக்கிரம் பணம் கொடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். சின்ன கம்பெனி தன் தொழிலாளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போட வேண்டும், உங்கள் செக் 90 நாள் கழித்து வருகிறது. இடையில் ஆறு சம்பளம்! வட்டிக்கு வாங்கித்தான் சமாளிக்க வேண்டும். சின்ன நிறுவனங்களுக்கு 15 நாள் என்று கணக்குப் பிரிவிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 5: தோற்றவருக்குப் போன் செய்யுங்கள்

டெண்டர் கிடைக்காதவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். விலையா, பேப்பர் குறைவா, எதில் போனது என்று சொல்லுங்கள். அடுத்த டெண்டர் எந்த மாதம் என்பதையும் சொல்லிவிட்டு வையுங்கள்.